மேகமலைக் குளிரில் எழும்பாத வண்டியும் எனக்கு வராத போனும்

என் ஆத்தாளுக்கு,

உன் அப்பன் எழுதுவது. இங்கே வாழை சுகம், பசு சுகம், உன் அம்மாவின் நாக்கு எப்போதும்போலப் பரம சுகம். எனக்கு மட்டும் கொஞ்ச நாளாக ஒரு காய்ச்சல். தெர்மாமீட்டர் வைத்தால் பாதரசம் குழாயை உடைத்துக்கொண்டு கம்பம் வரைக்கும் ஓடும். நீ மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கே டாக்டர்தான். ஆனாலும் உன்னிடம் காட்ட முடியாத காய்ச்சல் இது. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "அப்பா, பேஷண்ட் வந்துட்டாக, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படியில்லை. பேஷண்ட் எழுந்து போன பிறகும் அதே இடத்தில் கிடந்து உன்னை முறைக்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அம்மா இந்தக் காய்ச்சலுக்குப் பொறாமை என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமலே எழுதுகிறேன்; படித்துவிட்டு நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்.

மார்கழி பிறந்த வாரம், சின்னமனூர் வாழைக்காய் ஏலக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். போடியிலிருந்து யாரோ வீட்டுக் காதுகுத்துக்கு வந்த உன் மாமனார் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். ஏலக்காய் வியாபாரி அல்லவா, அவர் பக்கத்தில் வந்தாலே பாயசம் வாசம் அடிக்கும். என் மேல் அடிப்பது டீசல் வாசம். நாலு பேர் இருக்கிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றால் ஜனம் எந்தப் பக்கம் சாயும் என்று உனக்கே தெரியும். வெற்றிலையை மடித்தபடி, கோபம் என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் குரலில் சொன்னார்:

"மருமக தெனமும் காலையில போன் பண்ணுது சம்பந்தி. வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதாம். மலையில குளுரு அப்புடி. பேசாம அதத் தள்ளிவிட்ருவோம்னு சொல்லிட்டேன். பெட்ரோல் வண்டி ஒண்ணு பாத்தும் வச்சாச்சு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஆளு வந்து இத எடுத்துக்கிருவான்."

"ஆமா ஆமா, எங்கிட்டயும் சொல்லுச்சு" என்றேன் நான்.

நீ என்னிடம் சொல்லவே இல்லை. நான் சொன்ன அந்தப் பொய்யின் கனத்துக்கு ஏலக்கடைத் தராசு தானாகத் தரையைத் தொட்டது. அன்றைக்கு என் வயிற்றில் எரிந்த தீயில் ஊருக்கே சோறு வடித்திருக்கலாம். யோசித்துப் பார் ஆத்தா. ஒரு டீசல் வண்டி கிளம்பவில்லை. அதுவும் உன் கல்யாணத்துக்கு நான் ஊர் ஊராக அலைந்து, பானட்டுக்குள் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, ஆயிரம் வண்டியைக் கழித்து எடுத்துக் கொடுத்த வண்டி. அதைப் பற்றி நீ ஏலக்காய் விற்கிற மனுசனுக்குப் போன் பண்ணியிருக்கிறாய். டீசலுக்கும் ஏலக்காய்க்கும் என்ன உறவு? டீசலோடு உறவு கொண்டாடுகிற ஒரே ஜீவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான்தான். உலகத்தில் டீசல் எஞ்சின் எங்கே நின்றுபோனாலும் அது கடைசியாக விடும் புகையில் என் பெயர்தான் இருக்கும்.

கிணற்றடி ஆயில் எஞ்சின் உனக்கு மறந்திருக்காது. இதே மாதிரி ஒரு மார்கழியில் எவ்வளவு சுற்றியும் எழும்பாமல் அழும்பு பண்ணியது. பழைய துணியில் டீசலை நனைத்துப் பற்றவைத்து, அது காற்று இழுக்கிற வாயில் காட்டினேன். சூட்டுக் காற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் எஞ்சின் எழும்பியது. கூடவே என் மீசையின் ஒரு பக்கத்தையும் இழுத்துக்கொண்டது. அந்தப் பாதி மீசையோடுதான் பண்ணைப்புரத்தில் உன் அத்தை மகன் கல்யாணத்துக்குப் போனேன். "மாமா, மிச்ச மீசையை எங்க மொய் எழுதிட்டீக?" என்று பந்தியில் கேட்டார்கள். நீ சிரித்துச் சிரித்து இலையில் இருந்த ரசத்தை என் வேட்டியில் கொட்டினாய். ஆனால் ராத்திரி தூங்கப் போகும்போது ஒன்று கேட்டாய்: தீப்பெட்டியே இல்லாமல் உள்ளே எப்படிப்பா தீப்பிடிக்குது? நான் சொன்னேன். காற்றை நெருக்கு நெருக்கென்று நெருக்கினால் அதற்கே கொதிப்பு வந்துவிடும், அந்தக் கொதிப்பில் டீசலைத் தெளித்தால் பற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கிற இரும்பு குடித்துவிடுகிறது, அதனால்தான் சண்டித்தனம். உன் அப்பனும் அதே ரக எஞ்சின்தான். யாரும் தீ வைக்க வேண்டாம். நெருக்கினால் போதும்.

ஆக, சனிக்கிழமை மத்தியானம் நான் மேகமலை பஸ் ஏறியது உன்னைப் பார்க்க அல்ல. அந்த வண்டி போகக் கூடாது என்று ஏறினேன். அது போய்விட்டால் நீ என்னிடம் கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒரு கேள்விகூட மிச்சம் இருக்காது. மருந்து உனக்குத் தெரியும், சமையல் உன் அம்மாவுக்குத் தெரியும், நாலு மனுசரிடம் பேசிப் பழகுவது உன் மாமனாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது டீசல் ஒன்றுதான். குளிரில் எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கிற ஹீட்டர் பிளக், அதில் புதுசாக நாலைத் துண்டுக்குள் சுற்றி, நகைக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி மலையில் ஒரு பெட்ரோல் கார் எங்கள் பஸ்ஸை முந்தியது. உள்ளே உன் மாமனார், வண்டியை எடுக்க ஆள் வரும்போது கூட இருக்க முந்தின நாளே கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். மரியாதையாகக் காட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அவர் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை போட்ட டீ. எனக்கு வந்தது சர்க்கரை இல்லாத டீ. எனக்குச் சுகர் இருப்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தகப்பன் அந்த இரண்டு டம்ளரையும் பார்க்கத்தானே செய்வான்?

அடுத்து நடந்ததெல்லாம் நீயும் பார்த்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்க்கவில்லை. அதனால் சொல்லுகிறேன். வெயில் இருக்கும்போதே பானட்டைத் திறந்து, பழைய ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, புதுசு நாலையும் மாட்டினேன். சாவியைத் திருகினேன். வண்டி ஒரே உறுமலில் எழும்பியது! மலையே அதிர்ந்தது, எதிர்த் தேயிலைச் சரிவில் யானைகள் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி. உன் மாமனார் கையைத் தட்டினார். "சம்பந்தி கைபட்டா இரும்பும் பேசும்யா" என்றார். அன்று சாப்பாட்டில் நான் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாவம், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் கல்யாணமான நாளிலிருந்து தராசு முள்ளாகவே வாழ்கிறார்.

இங்கேதான் கவனி. குளிரில் கிளம்பாத வண்டியின் நோயை வெயிலில் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது. வண்டி ராத்திரி முழுக்கக் கிடந்து, இரும்பு உறைந்து, எஞ்சின் ஆயில் கூழ் மாதிரி இறுகி நிற்கும்போதுதான் அது தன் சங்கடத்தைச் சொல்லும். வெயில் நேரத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மனுசர்களும் அப்படித்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால், உன் மாமனார் எந்தக் குளிரிலும் நல்லவராகவே இருக்கிறாரே என்று நீ கேட்பாய். அதனால் விட்டுவிடுகிறேன்.

விடிந்தது. விடிந்ததாக ஒரு பேச்சுக்குத்தான் சொல்லுகிறேன். சொந்த மூக்கையே கையால் தடவித்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய மூடுபனி. சாவியைப் போட்டேன். ஹீட்டர் லைட் எரிந்து அணையும்வரை பொறுத்தேன். திருகினேன். "ர்ர்ர்... ர்ர்... ர்..." என்று, பந்திக்குப் பந்தி சாப்பிட்டவன் எழுந்திருக்கிற மாதிரி இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திரும்பவும் திருகினேன். திரும்பவும் படுத்தது. பக்கத்தில் உன் மாமனாரின் பெட்ரோல் கார் பூனை தும்முகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எஞ்சினைச் சூடு பண்ணி வைத்தால் உதவும் என்றுதான் செய்தார். எனக்கென்னவோ அது என் காதுக்குள் வந்து தும்மியது போல இருந்தது.

"சம்பந்தி, ஒயரு இருக்கு. நம்ம வண்டி பேட்டரியிலருந்து கரண்டு குடுத்துப் பாப்பமா?"

"டீசல் வண்டி போயி பெட்ரோல் வண்டிகிட்டக் கரண்டு பிச்சை எடுக்கவா? வேணாங்க."

"அப்ப எறக்கத்துல தள்ளி..."

"இந்த எறக்கம் எங்கன போயி முடியும் தெரியுமா? கீழ சின்னமனூர்ல, எங்க வீட்டு அடுப்படியில."

அப்போதுதான் நீ சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாய். நின்று பார்த்தாய். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும்.

"ஏம்ப்பா, அங்கன நின்னு முறைக்காம இங்கன வந்து லைட்டப் புடிங்க. மாமா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. என்னங்க, ஹாரன அடிங்க."

மாப்பிள்ளை அடித்தார். ஹாரன் ஊரைக் கூட்டியது. விளக்கைப் போடச் சொன்னாய். பளீரென்று எரிந்தது. திருகச் சொன்னாய். வண்டி இழுக்க, விளக்கும் கூடவே சுருண்டது.

"பேட்டரி செத்திருந்தா ஹாரன் இப்புடிக் கத்துமாப்பா?"

என் மகள் கேள்வி கேட்டாள்! குளிரெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "கத்தாது ஆத்தா. ஹாரனுக்கு ஒரு வாய்ச் சோறு போதும். எஞ்சினச் சுத்திவிடுற செல்ஃபுக்குக் கல்யாணப் பந்தி வேணும். சோறு இருக்கு, வழியிலதான் எங்கயோ அடைப்பு" என்றேன். அந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நின்றேன். நீதான் இன்னும் கொஞ்சம் திருகச் சொல்லிவிட்டு, நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல, பேட்டரியிலிருந்து போகிற ஒயரை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனாய். பேட்டரி முனையைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கிறதல்லவா, அதில் விரலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்தாய்.

"இது மட்டும் சுடுதுப்பா. மத்ததெல்லாம் ஐஸா கெடக்கு."

இதை நீ சாகும்வரை மறக்காதே. பெரிய கரண்ட் போகிற பாதையில் எந்த மூட்டு சுடுகிறதோ அந்த மூட்டில்தான் கோளாறு. இழுத்து இழுத்துச் சுற்றினால் கரண்டுப் பாதையைப் பார். விறுவிறு என்று சுற்றியும் பற்றாமல் வெள்ளைப் புகை விட்டால் ஹீட்டர் பிளக்கைப் பார். விறுவிறு என்று சுற்றியும் புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டரில் தண்ணீரோ குழாயில் காற்றோ நிற்கும். கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, கடைசியாகக் கையில் ஸ்பேனரை எடு. நான் முதலில் ஸ்பேனரை எடுத்தவன். நாலு நல்ல ஹீட்டர் பிளக்கை அநியாயமாகக் கழற்றிப் போட்டவன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கிளாம்பை நெகிழ்த்தித் தூக்கினேன். அந்தக் குளிரில் குப்பென்று கோயில் வாசம் அடித்தது. பேட்டரி முனையைச் சுற்றி, கிளாம்பின் உள்வட்டம் முழுக்க, காய்ந்து கட்டிதட்டிப்போன சந்தனம். அதன் மேல் குங்குமம். அதற்கும் மேல் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி களிம்பு.

உன் மாமனார் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாந்தாம்மா வச்சேன். ஆயுத பூசைக்கி நீங்க போடிக்கி வந்திருந்தீகளே, அன்னைக்கி. நம்ம கடையில தராசுத் தட்டக் கழட்டி, கொக்கி தொடுற எடத்துலதான் சந்தனம் வைக்கிறது. தொடுற எடத்துலதான் சாமி இருக்குன்னு எங்கய்யா சொல்லுவாக. இதையும் கழட்டி, உள்ளுக்குள்ள வச்சு மாட்டுனேன். மேலாக்க வச்சா மழையில போயிருமேன்னு..."

புரட்டாசியில் வைத்த சந்தனம். போடி வெயிலில் எஞ்சினும் ஆயிலும் இளக்கமாக இருந்ததால் எப்படியோ இழுத்துக்கொண்டு ஓடியது. மலைக்குப் போய், களிம்பு ஏறி, மார்கழிக் குளிரில் வேலையைக் காட்டிவிட்டது.

ஆத்தா, உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் ஆகாயத்திலிருந்து எனக்கு மேளதாளம் கேட்டது. சம்பந்தி வகையாக மாட்டினார்! பேரன் பேத்தி எடுத்து, அவர்களுக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் சொல்லிக் காட்டலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அந்தக் காய்ந்த சந்தனத்தை நகத்தால் ஒரு துளி சுரண்டி மோந்து பார்த்தாய். சிரித்தாய்.

"நல்ல சந்தனமா வச்சிருக்கீக மாமா, இன்னும் மணக்குது. விடுங்க, நல்லதுக்குத்தான வச்சீக."

அவ்வளவுதான். மேளம் நின்றுவிட்டது. உன் வண்டி இத்தனை நாள் நின்றதே, அதற்குக் காரணமாவது நானாக இருந்திருக்கக் கூடாதா? அவருடைய தப்பில்கூட மணம் வருகிறது. என்னுடைய சரியிலேயே டீசல் நாற்றம்தான். நான் எடுத்துக் கொடுத்த வண்டியின் உள்ளுக்குள்ளே, நான் ஒரு நாளும் கை வைக்காத இடத்தில், அந்த மனுசன் உனக்காகச் சாமி கும்பிட்டிருக்கிறார். எனக்கு அது தோன்றவில்லையே! இத்தனை வருசம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியும் எனக்குத் தோன்றியதெல்லாம் ஆயில் மாற்றுவதுதான்.

வெந்நீர் ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முனையும் கிளாம்பும் மின்னுகிற வரைக்கும் துடைத்து மாட்டினேன். உன் மாமனார்தான் வெந்நீர் ஊற்றினார். நான் தேய்த்த வேகத்தில் பேட்டரியே பாதியாகக் கரைந்திருக்க வேண்டும். நீயே உட்கார்ந்து திருகினாய். வண்டி ஒரே மூச்சில் எழும்பியது. பத்து மணிக்கு வரவேண்டிய ஆளுக்கு நீ போன் போட்டு, "வேணாம்ணே, வண்டிய நாங்களே வச்சிக்கிறோம்" என்று சொன்னபோது நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, என் காது தானாக அங்கே போயிருந்தது.

அப்புறம்தான் கேட்டேன். "ஏன் ஆத்தா, எனக்கு ஒரு போன் போடலை?"

நீ தோசையைத் திருப்பியபடியே சொன்னாய்: "மாமாகிட்ட சொன்னா மாமா யோசனை சொல்லுவாக. உங்ககிட்ட சொன்னா நீங்க பஸ் ஏறி வந்து நிப்பீக. சுகர வச்சுக்கிட்டு, இந்தப் பனியில, இத்தன வளைவுல. தெனம் வண்டி மக்கர் பண்ணுது. தெனம் வருவீக."

அழகான காரணம். மகாராணி சொல்ல வேண்டிய காரணம். ஊருக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஒரு போனுக்கா இந்தப் பாடு? எனக்காக ஒரு நா இப்புடிப் பொங்கியிருப்பீகளா?" என்று என் மேலேயே பாய்ந்தாள். இருந்தாலும் அந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வருவேன்தான். வரத்தான் செய்வேன். வந்து நிற்கிறவனுக்குச் சொல்லாமல் யோசனை மட்டும் சொல்கிறவருக்குச் சொல்வது எந்த ஊர் நியாயம்? என்னைக் காப்பாற்றுவதற்காக என்னை ஒதுக்காதே ஆத்தா. பனியை நான் தாங்குவேன். ஏலக்கடையில் சம்பந்தி வாயால் உன் சங்கதியைக் கேட்பதைத்தான் தாங்க மாட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்கிறாயா? இன்று காலையில் போன் அடித்தது. நீதான். பதறிப்போய் எடுத்தால், "வண்டி ஒரே திருகுல ஸ்டார்ட் ஆயிருச்சுப்பா, சும்மா சொல்லலாம்னு" என்றாய். வண்டி நின்றுபோனதற்கு ஊரில் எல்லாரும் போன் பண்ணுவார்கள். கிளம்பியதற்குப் போன் வாங்கிய தகப்பன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான். "மாமாவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன், ஏதோ போகிற போக்கில் கேட்பது போல. "இல்லப்பா, உங்களுக்குத்தான் மொதல்ல" என்றாய்.

நீ வைத்த மறு நொடி போடிக்குப் போன் போட்டேன். இருப்புக் கொள்ளவில்லை.

"சம்பந்தி, சேதி தெரியுமா? வண்டி இன்னைக்கி ஒரே திருகுல எழும்பிருச்சாம். இப்பத்தான் மக போன் பண்ணுச்சு."

அந்தப் பக்கம் தராசுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்புடியா... எனக்கு இன்னும் சொல்லலியே" என்றார்.

ஆத்தா, அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என்னுடைய குரல். ஏலக்கடையில் "எங்கிட்டயும் சொல்லுச்சு" என்ற பொய்யைப் போட்டு நான் மூடிவைத்த குரல். கோபமே தெரியாத மனுசன், பாயச வாசமுள்ள மனுசன், அங்கே தன் கடையில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். இதற்காகத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தேன்? குதித்திருக்க வேண்டும். குதிக்கவும் செய்தேன், உன் அம்மா பார்த்தாள். ஆனால் உட்கார்ந்த பிறகு அந்த "சொல்லலியே" காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. எனக்கே தாங்காத ஒன்றை, அதுவும் அன்றைக்கு என்கூட நின்று வெந்நீர் ஊற்றிய கைக்கு, நான் போன் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் நாளைக்குக் காலையில் வண்டி கிளம்பியதும் அவருக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடு. மனசு நோகாமல், நாலு வார்த்தை கூடவே பேசு.

எனக்குப் பண்ணி முடித்த பிறகு.

உன்
அப்பா